பட்டம்

பக்கத்துக்கு நூற்றிருபது ரூபாய்.
நடவு இயந்திரத்தின் கையேடு, ஜப்பானிலிருந்து வந்தது.
மன்னார்குடியில் அருமைக்கண்ணு ஏஜென்சியின் மாடியில்
மின்விசிறிக்குத் தாள் பறக்காதபடி
ஒரு பழைய பல்சக்கரத்தை எடுத்து வைத்து
நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

குத்துக்கும் குத்துக்கும் நடுவே
பதினெட்டு சென்டிமீட்டர் விடச் சொல்கிறது.
அந்த நடுவுக்கு அவர்கள் போட்டிருக்கும் எழுத்து
ஒரு வாசல்.
இரண்டு கதவும் சாத்தியிருக்க
இடுக்கில் ஒரு சூரியன்.

மா என்று வாசிக்க வேண்டும்.
எங்கள் பக்கம் மா என்றால் நிலம்,
மூன்று மா ஓர் ஏக்கர்,
அடகு வைக்கலாம், வரப்பை வெட்டிச் சண்டை போடலாம்.
அவர்களுடைய மாவில் ஒன்றும் விளையாது.
பேச்சில் மூச்சு வாங்கும் நேரம்,
தூணுக்கும் தூணுக்கும் நடுவில் நிற்கும் இருட்டு,
மத்தளத்தில் அடிக்காமல் விட்ட அடி,
எல்லாம் அதே எழுத்து.
ஒரகடத்தில் ஆறு வருடம்
உதிரிபாகக் கம்பெனிக்கு மொழிபெயர்த்தும் தெரியவில்லை,
அகராதியின் அடிக்குறிப்புதான் சொன்னது:
பழைய எழுத்தில் கதவிடுக்கில் இருந்தது நிலாவாம்.

இடைவெளின்னு போடும்மா, என்றார் அருமைக்கண்ணு.
பஸ்ஸுக்குப் பஸ் இடைவெளி,
பிள்ளைக்குப் பிள்ளை இடைவெளி,
விவசாயிக்குப் புரியும்.
போட்டேன். அடித்தேன்.

புரட்டாசி ஆறு, சோதனை ஓட்டம்.
வயலில் பாமணியாற்றுத் தண்ணீர் கணுக்கால் அளவு.
பாய் பாயாக நாற்றைச் சுமந்து
இயந்திரம் இறங்கியது, அதன் இரும்பு விரல்கள்
எண்ணி எண்ணி ஊன்றின.
எட்டடி நட்டதும் செங்கமலம் கையைக் காட்டினாள்.
ஓட்டுகிறவன் ஓரடி தள்ளித் திருப்பினான்.
கிழக்கிலிருந்து மேற்கு வரை
வெறும் சேறு.

இவ்வளவு இடமும் வீண்தானே, என்றேன்.
"பட்டம் விடலைன்னா புகையான் விழுந்துடும்.
காத்து போவணும், வெயிலு அடியில எறங்கணும்.
மருந்தடிக்கிறவன் காலை எங்க வெப்பான்,
நாத்து மேலயா?"

பட்டம் என்றால் எனக்குக் காற்றாடி.
அப்புறம், சட்டம் போட்டு மாட்டிய அந்தக் காகிதம்.

இயந்திரம் விட்டுப்போன இடங்களில்
பாடுவாசி நிரப்பிக்கொண்டே போனாள்,
ஒரு குத்து காலியாக இருந்தாலும் பொறுக்கவில்லை.
பட்டத்தில் மட்டும்
ஒரு நாற்று மிதந்து வந்து ஒதுங்கியதைப்
பொறுக்கி வரப்பில் எறிந்தாள்.
இந்தக் காலி வேறு, அந்தக் காலி வேறு.

அன்றைக்குப் பகலும் இரவும் சமம்.
ஆறு மணிக்குச் சூரியன் நேர் மேற்கில்,
இப்படி அப்படி விலகாமல்,
பட்டத்தின் அந்தக் கடைசியில் வந்து உட்கார்ந்தது.
இரண்டு பக்கமும் நாற்று,
ஒரு சாண்கூட வளராத கதவுகள்.
வரிசைகளுக்குள் உடைந்து உடைந்து கிடந்த சிவப்பு
பட்டத்தில் மட்டும் உடையாமல்
என் கால் வரைக்கும் வந்தது.
ஒரு நத்தை அதன் குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"அங்கயே என்ன பாக்குற?"
சூரியன், என்றேன்.
"தெனமும்தான் எறங்குது."
சேற்றுக் கையை வரப்புப் புல்லில் தேய்த்தாள்.
பிறகு அவளும் நின்றாள்,
கூலிக்குப் பேர் கூப்பிடும் வரை.

ஐப்பசியில் பயிர் தூர் கட்டும்.
சூரியன் தெற்கே நகர்ந்து
வேறு யார் வயலிலோ விழும்.
வாசல் இங்கேயே இருக்கும்.

நாற்பத்து மூன்றாம் பக்கம்:
செடி இடைவெளி, பதினெட்டு செ.மீ.
அப்படியே அனுப்பிவிட்டேன்.
அடியில் யாரும் கேட்காமல் ஒரு வரி சேர்த்தேன்:
எட்டடிக்கு ஓரடி பட்டம் விடவும், கிழக்கு மேற்காக.
அந்த வரிக்கு அருமைக்கண்ணு காசு தரவில்லை.
மூலத்தில் இல்லையாம்.